சர்வரின் அனுப்புகைப் பதிவேடு

இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் வட்டத்தில் நிலத்தைப் பற்றிய எந்த வினாவுக்கும் ஒரே அலுவலகத்தில் முழு விடை கிடைப்பதில்லை. உரிமையாளரின் பெயரும் தண்டப்பேர் எண்ணும் வருவாய்த் துறையிடம் உள்ளன. அந்நிலம் எப்போது, யாரால், யாருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதைப் பத்திரப் பதிவுத் துறையே அறியும். எல்லையும் பரப்பும் நில அளவைத் துறையின் வரைபடத்தில் அடங்கியுள்ளன.

இப்பிரிவினை எல்லா ஊர்களுக்கும் பொதுவானதே. ஆயினும் தேவிகுளத்தில் அதன் விளைவு சற்றுக் கனமானது. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்ரோ உரிமை பெற்ற மலைநிலங்கள், பின்னர் அவற்றின்மேல் எழுந்த தேயிலைத் தோட்டங்கள், 1971ஆம் ஆண்டின் கண்ணன் தேவன் மலைகள் நில மீட்புச் சட்டம், 1999இல் வழங்கப்பட்டு 2022 ஜனவரியில் ரத்து செய்யுமாறு கேரள அரசு ஆணையிட்ட 530 பட்டாக்கள் என்று ஒவ்வோர் அடுக்கும் ஏதேனும் ஓர் ஏட்டில் தன் தடத்தைப் பதித்துள்ளது. ஒரு துண்டு நிலத்தின் இன்றைய நிலை என்ன என்ற வினாவைப் பொறுத்தே இங்கே வங்கிக் கடனும், கட்டட அனுமதியும், சில வேளைகளில் குடியிருப்பும் அமைகின்றன.

இவ்வினாவுக்குக் கணிப்பொறி வழியே விடை தரும் முயற்சிகள் கேரளத்தில் படிப்படியாக வளர்ந்துள்ளன. அரசுப் பணிகளை மக்களின் அருகே கொண்டு செல்லும் அக்ஷயா மையங்கள் 2002இல் மலப்புறம் மாவட்டத்தில் தொடங்கின. நிலங்களை மின்னணுக் கருவிகளால் மீண்டும் அளக்கும் பணி 2022 நவம்பர் 1 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. பதிவுத் துறையின் பேர்ல், வருவாய்த் துறையின் ரெலிஸ், நில அளவைத் துறையின் இ-மேப்ஸ் ஆகிய மூன்று முறைமைகளையும் ஒரே வாயிலில் இணைக்கும் 'என்டெ பூமி' தளம் 2024 அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது. அத்தளத்தின் உள்ளமைப்பை விவரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. பல துறைகளிடம் கேட்டு ஒரே பக்கத்தில் விடையைத் தொகுத்துத் தரும் எந்தச் செயலியை உருவாக்கும்போதும் எழுகின்ற ஒரு சிக்கலையே இங்கு எடுத்துக்கொள்கிறோம். பக்கம் தாமதமாக வந்தால், அல்லது தவறாக வந்தால், பிழை எந்தத் துறையிடம் கேட்ட எந்தக் கேள்வியில் நேர்ந்தது என்பதை உருவாக்குநர் எவ்வாறு காண்பது என்பதே அச்சிக்கல்.

பக்கம் உருவாகும் இடம்

வலைப்பக்கம் இரு வழிகளில் உருவாகலாம். ஒரு வழியில், பயனாளியின் கணிப்பொறியிலோ கைபேசியிலோ உள்ள உலாவி முதலில் ஒரு வெறும் சட்டகத்தைப் பெறுகிறது. பிறகு அதுவே பல இடங்களுக்குக் கோரிக்கை அனுப்பி, வந்த விவரங்களைக் கொண்டு பக்கத்தை நிரப்புகிறது. மற்றொரு வழியில், தொலைவிலுள்ள சர்வரே வேண்டிய விவரங்களை எல்லாம் திரட்டிப் பக்கத்தை முழுமையாக எழுதி முடித்து அனுப்புகிறது. உலாவி அதைக் காட்டுவதோடு சரி.

இரண்டாவது வழியே மூத்தது. 1995இல் வெளிவந்த பிஎச்பி மொழியும் அதையொட்டி வந்த பல மொழிகளும் இவ்வழியில் வளர்ந்தவை. 2005இல் அஜாக்ஸ் என்னும் பெயர் பரவியபின் உலாவியிலேயே பக்கத்தை உருவாக்கும் வழக்கம் பெருகியது. அண்மைக் காலத்தில் காற்று மீண்டும் திசை மாறியுள்ளது. 2016இல் வெளிவந்த நெக்ஸ்ட் ஜேஎஸ், 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ரியாக்ட் சர்வர் கூறுகள் ஆகியவை பக்கம் எழுதும் வேலையைத் திரும்பவும் சர்வரிடம் சேர்த்துள்ளன.

அரசுத் தளங்களுக்கு இம்முறை பொருந்துவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. மலைச்சரிவில் வலுவற்ற இணைப்பில் இயங்கும் பழைய கைபேசிக்கு ஆறேழு கோரிக்கைகளை அனுப்பிப் பெறுவது பெரும் சுமை. ஒரே கோரிக்கைக்கு ஒரே முழுப் பக்கம் வந்தால் சுமை குறைகிறது. துறைகளின் முறைமைகளைப் பொது இணையத்தில் நேராகத் திறந்துவைக்க வேண்டிய தேவையும் இல்லை. அவற்றுக்குரிய இரகசியச் சாவிகள் சர்வரைவிட்டு வெளியே செல்வதில்லை. சிக்கனமும் பாதுகாப்பும் ஒருங்கே அமைந்த ஏற்பாடு எனலாம்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை உண்டு. நிகழ்வது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

சன்னலுக்கு வெளியே தெரிவது

2006இல் பயர்பாக்ஸ் உலாவிக்கென வந்த பயர்பக் என்னும் துணைக்கருவி, உலாவி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் நேரத்துடன் வரிசையாகக் காட்டியது. இன்று எல்லா முக்கிய உலாவிகளிலும் 'நெட்வொர்க்' என்ற பெயரில் அத்தகைய பகுதி உள்ளது. வலைச் செயலி கற்கும் மாணவர் முதலில் பழகுவதும் அதைத்தான். எனவே பக்கம் தாமதித்தால் உடனே அதைத் திறந்து பார்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிடுகிறது.

சர்வரே பக்கத்தை எழுதும் செயலியில் அப்பகுதி ஏறத்தாழ ஊமையாகிவிடும். பக்கத்துக்கான ஒரே ஒரு வரியும், அதன் எதிரே சர்வரின் மறுமொழிக்காகக் காத்திருந்த நேரம் 6 வினாடி என்பது போன்ற ஒரு குறிப்பும் மட்டுமே இருக்கும். படங்களும் எழுத்துருக்களும் வந்த விவரம் கீழே இருக்கலாம். ஆனால் அந்த 6 வினாடிகளில் சர்வர் யாரிடம் என்ன கேட்டது, யார் விடை தந்தார், யார் தரவில்லை என்பதற்கு அங்கே சுவடே இராது. உலாவி பொய் சொல்லவில்லை. தான் அனுப்பிய கோரிக்கையை மட்டுமே அதனால் காட்ட இயலும்.

அரசு அலுவலர்களுக்கு இந்நிலை புதிதன்று. வட்ட அலுவலகத்தின் சன்னலில் மனு கொடுத்தவர் வெளியே நிற்கிறார். உள்ளே அம்மனு தொடர்பாகச் சார்பதிவாளருக்கு ஒரு கடிதம், நில அளவையருக்கு ஒரு கடிதம், கிராம அலுவலருக்கு ஒரு கடிதம் செல்கின்றன. சன்னலில் நிற்பவருக்குத் தெரிவதெல்லாம் காத்திருப்பு ஒன்றே. ஆனால் அலுவலகத்திற்குள் தபால் வரவுப் பதிவேடும் அனுப்புகைப் பதிவேடும் உள்ளன. எழுத்தர் ஒவ்வொருவருக்கும் தன்பதிவேடு உண்டு. எந்தக் கடிதம் எந்த நாளில் சென்றது, எத்தனை நினைவூட்டுகள் அனுப்பப்பட்டன, விடை எப்போது வந்தது என்பதை மேலதிகாரி ஒரு பக்கத்தைப் புரட்டிக் காணலாம். இந்தப் பதிவேடுகளை நாம் சலிப்புடன் நிரப்பி வந்திருக்கிறோம். கணிப்பொறி வந்ததும் அவற்றின் தேவை தீர்ந்தது என்று எண்ணியதில், அவை ஆற்றிய பணியையும் சேர்த்துக் கைவிட்டோமோ என்று தோன்றுகிறது.

சர்வருக்குள்ளும் அனுப்புகைப் பதிவேடு ஒன்று வேண்டும். அதைச் செயலியை உருவாக்கும் காலத்திலேயே திறந்துவிட வேண்டும். அதன்பிறகு அமைப்பது எளிதன்று. அப்போது கோரிக்கை அனுப்பும் வரிகள் நூற்றுக்கணக்கான கோப்புகளில் சிதறிக் கிடக்கும்.

பதிவேட்டைத் திறக்கும் வழிகள்

முதல் வழி மிக எளியது. சர்வரிலிருந்து வெளியே செல்லும் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே வாயில் வழியே அனுப்புவது. நிரலின் எந்தப் பகுதியும் துறைகளை நேராக அழைக்கக் கூடாது. பொதுவான ஒரு செயற்கூறிடம் கொடுத்து, அதுவே அனுப்ப வேண்டும். அச்செயற்கூறு ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதும். அதில் புறப்பட்ட நேரம், முகவரி, கேட்ட முறை, வந்த நிலைக்குறி எண், மறுமொழியின் அளவு, எடுத்துக்கொண்ட மில்லி வினாடிகள், விடை புதிதாக வந்ததா அல்லது சேமிப்பிலிருந்து எடுக்கப்பட்டதா என்பவை இடம்பெறும். ஓர் இளம் உருவாக்குநர் அரை நாளில் இதை எழுதிவிடலாம். பல கட்டமைப்புகளில் ஆயத்தமான வசதியும் உண்டு. நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸில் அமைப்புக் கோப்பில் ஓர் இசைவு தந்தால், உருவாக்கக் காலத்தில் சர்வர் அனுப்பும் ஃபெட்ச் கோரிக்கைகள் முழு முகவரியுடன் முனையத்தில் எழுதப்படும். லாரவெல் பயன்படுத்துவோருக்கு டெலஸ்கோப் என்னும் கருவி இவ்வேலையைச் செய்கிறது.

வரிகள் மட்டும் போதா. அவற்றைக் கட்டும் கயிறும் வேண்டும். ஒரே நேரத்தில் நாற்பது பேர் பக்கம் கேட்டால், பதிவேட்டில் நாற்பது பேரின் கோரிக்கைகளும் கலந்து கிடக்கும். அலுவலகத்தில் இதற்கு ந.க. எண் இருக்கிறது. வலையில் அதற்கு இணையாக டிரேஸ்பேரன்ட் என்னும் தலைப்பு வரி உள்ளது. 2020 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு இதைப் பரிந்துரையாக ஏற்றது. பயனாளியின் கோரிக்கை உள்ளே வந்தவுடன் 32 இலக்கப் பதினறும எண் ஒன்று அதற்கு வழங்கப்படுகிறது. அதன் பொருட்டுச் சர்வர் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் அதே எண்ணைத் தாங்கிச் செல்கிறது. எதிர்த் துறையும் அந்த எண்ணைத் தன் பதிவில் குறித்துக்கொண்டால், இரு அலுவலகங்களின் பதிவேடுகளை ஒப்புநோக்குவது சில நிமிட வேலை. 2019இல் தொடங்கிய ஓபன்டெலிமெட்ரி இவ்வெண்ணைத் தானே வழங்கி, கோரிக்கைகளைக் கிடைமட்டப் பட்டைகளாக வரைந்து காட்ட உதவுகிறது.

இரண்டாம் வழி இடைநிலைக் காவலர் ஒருவரை நிறுத்துவது. ப்ராக்ஸி எனப்படும் இம்மென்பொருள் சர்வருக்கும் வெளியுலகுக்கும் நடுவில் நின்று, சென்றதையும் வந்ததையும் முழுமையாகக் காட்டும். மிட்ம்ப்ராக்ஸி, ஃபிட்லர், சார்லஸ் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. நிரலில் கை வைக்காமல் பார்க்க முடிவது இதன் சிறப்பு. பிறர் எழுதித் தந்த மென்பொருளை ஆராயும்போது இதுவே கைகொடுக்கும். ஆனால் இங்கே இரு கண்ணிகள் உள்ளன. கோரிக்கைகள் மறையாக்கம் செய்யப்பட்டுச் செல்வதால், ப்ராக்ஸியின் சான்றிதழை உருவாக்கக் கணிப்பொறி நம்புமாறு முதலில் செய்ய வேண்டும். அடுத்தது இன்னும் நுட்பமானது. ப்ராக்ஸியின் முகவரியைச் சூழல் மாறியில் எழுதிவைத்தால் எல்லா மென்பொருள்களும் அதை மதித்து நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். நோட் ஜேஎஸ்ஸில் உள்ளமைந்த ஃபெட்ச் இயல்பாக அவ்வாறு நடப்பதில்லை. 2025இல் வந்த 24ஆம் பதிப்பில்கூட அதற்கெனத் தனி இசைவு தர வேண்டும். இதை அறியாதவர் ப்ராக்ஸியின் வெற்றுத் திரையைப் பார்த்து, சர்வர் எந்தக் கோரிக்கையும் அனுப்பவில்லை என்று முடிவு கட்டிவிடுவார். வெற்றுப் பதிவேடு இருவகைப் பொருள் தரும் என்பதைத் தணிக்கைத் துறையினர் நன்கு அறிவர்.

மூன்றாவதாக, சர்வர் தன் நேரக் கணக்கை உலாவியிடமே சொல்லிவிடலாம். சர்வர்-டைமிங் என்னும் தலைப்பு வரியில் இன்ன துறைக்கு இத்தனை மில்லி வினாடி என்று எழுதி அனுப்பினால், மேலே சொன்ன நெட்வொர்க் பகுதியில் அது பட்டையாகத் தெரியும். எல்லாவற்றிலும் மலிவான வழி இது. ஆயினும் துறைகளின் பெயரும் நேரமும் வெளியாருக்கும் தெரியும் என்பதால் உருவாக்கக் காலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு பயிற்சிக் கணக்கு

விளக்கத்திற்காக ஒரு சிறு செயலியைக் கற்பனை செய்வோம். புல எண்ணைக் கொடுத்தால் தண்டப்பேர் விவரம், பத்திர விவரம், வரைபடம், நிலவரி நிலுவை ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் தருவது அதன் பணி. தண்டப்பேர் விவரத்துக்கு 400, பத்திரத்துக்கு 700, வரைபடத்துக்கு 900, நிலுவைக்கு 300 மில்லி வினாடி ஆவதாகக் கொள்வோம். உருவாக்குநர் நான்கு கோரிக்கைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதியுள்ளார். மொத்தம் 2,300 மில்லி வினாடி. பதிவேட்டில் நான்கு பட்டைகளும் படிக்கட்டுப் போல் இறங்கும். அந்தப் படிக்கட்டைக் கண்டவுடன் எழ வேண்டிய கேள்வி: இரண்டாவது ஏன் முதலாவதுக்குக் காத்திருக்கிறது?

சிலவற்றுக்கு நியாயம் உண்டு. தண்டப்பேர் எண் தெரிந்தபிறகே மற்ற மூன்றையும் கேட்க முடியும் எனில் முதல் 400 தவிர்க்க முடியாதது. மற்ற மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை, சேர்ந்தே புறப்படலாம். அவற்றில் நீண்டது 900. ஆகவே பக்கம் 1,300 மில்லி வினாடியில் முடியும். ஒரு ரூபாய்ச் செலவின்றி ஒரு வினாடி மிச்சம். புதிய சர்வர் வாங்க முன்மொழிவு அனுப்பும் முன் இந்தக் கணக்கைப் பார்ப்பது பொருளாதாரம்.

அதே செயலியில் ஒரு குடும்பத்தின் 20 துண்டு நிலங்களைப் பட்டியலிடும் பக்கம் உள்ளது. ஒவ்வொன்றின் நிலுவையையும் தனித்தனியே கேட்டால் 300 மில்லி வினாடி 20 முறை, அதாவது 6 வினாடி. உருவாக்குநரின் சோதனைத் தரவில் இரண்டே நிலங்கள் இருந்ததால் அவர் கண்ணில் இது படவில்லை. நாற்பது பேர் ஒரே நேரத்தில் அப்பக்கத்தைத் திறந்தால் வரித் துறையின் முறைமைக்கு 800 கோரிக்கைகள் செல்லும். அத்துறை திணறும், பழி அத்துறைமீது விழும். இருபதையும் ஒரே கோரிக்கையில் கேட்கும் வசதி அங்கே முன்பே இருந்திருக்கலாம். ஒரே முகவரி இருபது வரிகளில் தொடர்ந்து வருவதைப் பதிவேட்டில் பார்த்தவர் எவரும் அதைக் கேட்காமல் இருக்க மாட்டார்.

தொலைவைக் காரணம் காட்டுவோரும் உண்டு. தேவிகுளம் மலைமேல் இருக்கிறது, சர்வர் திருவனந்தபுரத்தில் இருக்கிறது என்பர். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 300 கிலோமீட்டர் போய்வர அதற்கு 3 மில்லி வினாடி போதும். இடையிலுள்ள கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும், 6 வினாடிக்கு மலை பொறுப்பேற்காது.

சேமிப்பில் கிடந்த பழைய விடை

வேகத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றைப் பதிவேட்டின் கடைசிக் கட்டம் வெளிப்படுத்தும். விடை புதிதா, சேமிப்பிலிருந்து வந்ததா என்பதே அக்கட்டம். ஒருமுறை பெற்ற விடையைச் சர்வர் தன்னிடமே வைத்துக்கொண்டு அடுத்தவருக்கும் அதையே தருவது பயனுள்ள சிக்கனம். மாவட்டங்களின் பட்டியல் போன்றவற்றுக்கு அது மிகப் பொருத்தம். நெக்ஸ்ட் ஜேஎஸ்ஸின் 13, 14ஆம் பதிப்புகளில் சர்வர் அனுப்பும் ஃபெட்ச் கோரிக்கைகளின் விடைகள் இயல்பாகவே சேமிக்கப்பட்டன. உருவாக்குநர் வேண்டாம் என்று சொன்னால்தான் நிற்கும். பலரும் இதனால் குழம்பினர். 2024 அக்டோபரில் வந்த 15ஆம் பதிப்பில் இவ்வியல்பு தலைகீழாக மாற்றப்பட்டது.

நிலத்தின் நிலையைக் காட்டும் பக்கத்தில் இதன் பொருள் என்ன? இன்று காலை ரத்தான ஒரு பட்டா மாலையிலும் செல்லுபடியாவதாகக் காட்டப்படலாம். அதை நம்பி ஒருவர் முன்பணம் கொடுக்கலாம். போக்குவரவு முடிந்து பெயர் மாறிய நிலம், பழைய பெயரிலேயே தெரியலாம். தமிழ்நாட்டில் பட்டா மாறுதல் எனப்படுவதே இங்கே போக்குவரவு. பக்கம் வேகமாக வரும். பிழைச் செய்தி எதுவும் இராது. உலாவியின் கருவியில் எல்லாம் பச்சையாகவே தெரியும். சர்வரின் பதிவேட்டில் மட்டும், வருவாய்த் துறைக்குக் கோரிக்கை செல்லவே இல்லை என்பது புலப்படும். செல்லாத கடிதத்தையும் காட்டுவதே நல்ல அனுப்புகைப் பதிவேடு.

மௌனமும் இரட்டை வரியும்

துறையொன்று விடையே தராமல் இருந்தால் சர்வர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? இக்கேள்விக்கு உருவாக்குநர் விடை எழுதாவிட்டால், மென்பொருளே தனக்குத் தோன்றிய விடையை எடுத்துக்கொள்ளும். முன்வாயிலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் போன்ற மென்பொருள் இயல்பாக 60 வினாடி பொறுத்து, பின் பிழைச் செய்தி காட்டிப் பயனாளியை அனுப்பிவிடும். உள்ளே உள்ள சர்வரோ அதை அறியாமல் மேலும் காத்திருக்கலாம். 70ஆம் வினாடியில் துறை விடை தரும். கேட்டவர் அங்கே இல்லை.

தகவல் கேட்கும் பக்கத்தில் இது எரிச்சலோடு போகும். நிலவரி செலுத்தும் பக்கத்தில் அவ்வாறன்று. பிழைச் செய்தியைக் கண்ட அக்ஷயா மைய ஊழியர் மீண்டும் பொத்தானை அழுத்துகிறார். முதல் கோரிக்கையும் நிறைவேறியிருக்கிறது, இரண்டாவதும் நிறைவேறுகிறது. தோட்டத் தொழிலாளி ஒருவர் இருமுறை வரி கட்டிவிட்டு, ஒன்றைத் திரும்பப் பெற எந்த அலுவலகத்துக்கு மனுச் செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். வரி சில நூறு ரூபாயாக இருக்கலாம். மலையிறங்கி வந்து போகும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு நாள் கூலி. பொருளாதாரத்தில் புறச்செலவு என்று ஒரு கருத்து உண்டு. உற்பத்தி செய்பவர் தாம் ஏற்க வேண்டிய செலவைப் பிறர் தலையில் சுமத்துவதை அது குறிக்கும். ஆலையின் புகையை அதற்கு உதாரணமாக வகுப்பில் கற்பிக்கிறோம். உருவாக்கக் காலத்தில் மிச்சம் பிடிக்கப்பட்ட இரண்டு நாள் சோதனை வேலை, தேவிகுளத்துச் சன்னலில் இழந்த கூலியாகத் திரும்புவதும் அவ்வகையே.

பதிவேட்டில் இது ஒரே தொகைக்கு இரு வரிகளாகத் தெரியும். அதைக் கண்டபின் செய்ய வேண்டியது அறிந்த வேலைதான். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தனி எண் தந்து, அதே எண்ணுடன் இரண்டாம் முறை வரும் கோரிக்கையை எதிர்த்துறை புதிய கட்டணமாக ஏற்காதபடி செய்ய வேண்டும்.

எழுத்தில் ஒளிந்த பிழை

தேவிகுளத்துக்கே உரிய ஒரு பிழை வகையைத் தனியே சொல்ல வேண்டும். இவ்வட்டத்தில் தமிழ் பேசுவோர் மிகுதி. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த இடமளிக்கிறது. ஆகவே பெயர்கள் மலையாளத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் புழங்குகின்றன. ஒரு துறையிலிருந்து மறு துறைக்குப் பெயரைக் கொடுத்துத் தேடச் சொல்லும்போது, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணிப்பொறிக்கு வேறாக இருக்கலாம்.

'தேவிகுளம்' என்னும் சொல் யூனிகோட் முறையில் 9 குறியீடுகளால் ஆனது. வலையில் செல்லும்போது அது 27 பைட்டுகளாகிறது. முகவரியின் பகுதியாக எழுதப்பட்டால் 81 எழுத்துகளாக நீள்கிறது. நீளத்துக்கு வரம்பு வைத்திருக்கும் பழைய முறைமை அதை நடுவில் வெட்டிவிடலாம். 'பொன்னம்மாள்' என்ற பெயரின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். யூனிகோடின் சீராக்க முறையைப் பயன்படுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பயன்படுத்த மறந்தால் பொன்னம்மாளுக்கு நிலமே இல்லை என்று விடை வரும்.

மலையாளத்தில் சிக்கல் ஒருபடி கூடுதல். மூன்னார் என்று எழுதும்போது இறுதியில் வரும் எழுத்து சில்லெழுத்து வகையைச் சேர்ந்தது. 2008இல் வெளிவந்த யூனிகோட் 5.1 பதிப்பு அவ்வெழுத்துகளுக்குத் தனிக் குறியீடுகளை வழங்கியது. அதற்கு முன் அதே எழுத்து, மூல எழுத்து, சந்திரக்கலை, கண்ணுக்குப் புலப்படாத ஓர் இணைப்புக் குறி என மூன்றால் எழுதப்பட்டது. திரையில் இரண்டும் ஒன்றே. சீராக்க முறையும் இவ்விரண்டை ஒன்றாகக் கொள்வதில்லை. உருவாக்குநரே மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய தரவில் பழைய வடிவமும் புதிய விசைப்பலகையில் புதிய வடிவமும் இருந்தால், தேடல் வெறுங்கையோடு திரும்பும். நிலைக்குறி எண் வெற்றியைக் குறிக்கும் 200ஆகவே இருக்கும். சர்வர் அனுப்பிய முகவரியை அப்படியே, பைட்டு பைட்டாகப் பார்த்தால் அன்றி இப்பிழை பிடிபடாது. அழகாக மாற்றிக் காட்டும் கருவிகள் இங்கே உதவாமல் போவது ஒரு வேடிக்கை.

பதிவேட்டைக் காப்பது

எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பதிவேடு தானே ஓர் ஆபத்தாகவும் ஆகலாம். கோரிக்கையில் ஆதார் எண் இருக்கும், கைபேசி எண் இருக்கும், துறைகளின் இரகசியச் சாவியும் இருக்கும். இவை பதிவேட்டில் ஏறினால், அதைத் திறக்கக்கூடிய ஒவ்வொரு பயிற்சியாளரின் கையிலும் அவை சேர்ந்துவிடும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியபின் இதை அலட்சியம் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. மேலே கூறிய ஒற்றை வாயில் இங்கும் உதவுகிறது. எழுதும் முன் அடையாள எண்களை மறைப்பதும் சாவிகளை நீக்குவதும் ஓரிடத்தில் நடந்தால் போதும். எதை மறைப்பது என்று பட்டியலிடுவதைவிட, எதை எழுதலாம் என்று பட்டியலிட்டு மற்ற அனைத்தையும் விட்டுவிடுவதே என் கருத்தில் பாதுகாப்பானது. உருவாக்கக் காலத்தில் மெய்யான குடிமக்களின் தரவைப் பயன்படுத்தாமல் இருந்தால் பாதிக் கவலை குறையும்.

பயன்பாட்டுக்கு வந்த செயலியின் பதிவுகள் வேறு விதிக்கு உட்பட்டவை. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் வெளியிட்ட நெறிமுறைகள், முறைமைகளின் பதிவுகளை 180 நாள் இந்திய எல்லைக்குள் பாதுகாத்து வைக்கக் கோருகின்றன. உருவாக்கக் காலப் பதிவேடு விரிவாக இருக்கலாம், விரைவில் அழிக்கப்படலாம். பயன்பாட்டுக் காலப் பதிவேடு சுருக்கமாக இருக்க வேண்டும், நீண்டு வாழ வேண்டும். இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்துக் குழப்புவதால், இரவோடிரவாக வட்டு நிரம்பிச் செயலி நின்றுபோவதும் உண்டு.

பொய்த் துறைகள்

உருவாக்குநரின் மேசையில் எல்லாத் துறைகளும் நலமாகவே இருக்கும். அவருடைய இணைப்பு வேகமானது. சோதனைச் சர்வருக்குக் கூட்டமில்லை. ஆகவே பதிவேட்டைத் திறந்தாலும் அதில் குறைகள் தாமாகத் தோன்றா. குறைகளை வரவழைக்க வேண்டும். மெய்யான துறைகளுக்குப் பதிலாகப் பொய்த் துறைகள் சிலவற்றை அமைத்து, ஒன்று 5 வினாடி தாமதித்து விடை தரவும், ஒன்று பிழை எண் அனுப்பவும், ஒன்று வெற்றி எண்ணோடு வெறும் பட்டியலை அனுப்பவும், ஒன்று அறவே மௌனம் காக்கவும் செய்யலாம். ஒவ்வொரு நிலையிலும் பக்கத்தைத் திறந்து, ஒரு கண்ணைத் திரையிலும் மறு கண்ணைப் பதிவேட்டிலும் வைத்துப் பார்க்க வேண்டும்.

அப்போது சில வடிவமைப்பு முடிவுகள் தாமே எழும். வரைபடத் துறை 3 வினாடியில் விடை தராவிட்டால், அதற்காக மற்ற மூன்று விவரங்களையும் நிறுத்திவைப்பதா? கிடைத்தவற்றைக் காட்டி, வரைபடம் இப்போது கிடைக்கவில்லை என்று அவ்விடத்தில் மட்டும் எழுதலாம். 'பதிவு இல்லை' என்பதையும் 'துறை விடை தரவில்லை' என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும் பக்கங்கள் மிகுதி. இரண்டும் குடிமகனுக்கு முற்றிலும் வேறானவை. முதலாவதைப் படித்தவர் வழக்கறிஞரைத் தேடிப் போவார், இரண்டாவதைப் படித்தவர் மறுநாள் வருவார். பதிவேட்டில் உள்ள நேரக் கட்டத்தையே அச்சுப் பக்கத்தின் அடியிலும் கொண்டுவரலாம். தண்டப்பேர் விவரம் இன்ன தேதி, இன்ன மணிக்கு வருவாய்த் துறையிடமிருந்து பெறப்பட்டது, பத்திர விவரம் இன்ன மணிக்குப் பதிவுத் துறையிடமிருந்து பெறப்பட்டது என்ற இரண்டு வரிகள் இருந்தால், அந்தத் தாளை வாங்கிப் பார்க்கும் வங்கி மேலாளரும் அது எந்த நேரத்து உண்மை என்பதை அறிவார்.